பூனையை ஒளிக்கும் வீடு

பூனை வளர்ப்பவர்கள் தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும் காணொளிகள் இப்போது நிறைய வருகின்றன. பார்த்தால் எல்லாம் ஒரே வீடு. பழுப்பும் சாம்பலும் கலந்த சுவர், வெளிர் மர நிறத்தில் அலமாரி, தரையைத் தொடும் வெள்ளைத் திரை, மூலையில் ஒரு மான்ஸ்டெரா செடி. சுவரில் படிப்படியாக ஏறும் பலகைகள். கடைசிப் பலகையில், சோபாவின் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுபோல், ஒரு பூனை. பத்து நிமிடம் ஓடும். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் கடைசிவரை விடை வராது: அந்தப் பூனை எங்கேதான் ஆய் போகிறது?

சிரிக்க வேண்டாம். பூனையோடு வாழும் வீட்டின் அழகைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இந்தக் கேள்வியில்தான் தொடங்க வேண்டும். இந்த வீடுகளில் மணல்தொட்டி அலமாரிக்குள் இருக்கிறது. சாப்பாட்டுக் கிண்ணம் இழுப்பறைக்குள். சன்னலில் வலை கிடையாது, 'வியூ' கெட்டுவிடும். பிறாண்டும் கட்டை விருந்தினர் பார்க்காத அறையில். பூனை மட்டும் வெளியே, படத்துக்காக. பூனைக்கான வீடு என்று நமக்கு விற்கப்படுவது, பூனை வாழ்வதன் தடயம் எதுவும் தெரியாத வீடு. இதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சிங்கப்பூரில் பூனையை ஒளிப்பது புதிய பழக்கமில்லை. 1989 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை. அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றை வளர்க்கலாம், பூனை கூடாது. பூனையை வீட்டுக்குள் அடக்கி வைப்பது கஷ்டம், முடி கொட்டும், பொது இடத்தில் அசிங்கம் பண்ணும், கத்தும் என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். இங்கே குடியிருப்பவர்களில் பத்தில் கிட்டத்தட்ட எட்டுப் பேர் வீவக வீட்டில் இருக்கிறார்கள். ஆக, அது ஏறக்குறைய நாட்டுக்கே போட்ட தடை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தடை வந்த சில ஆண்டுகளிலேயே, 1990களின் தொடக்கத்தில், சுற்றுப்பயணிகளை ஈர்க்க சிங்கப்பூரா இனப் பூனையைச் சின்னமாக்கினார்கள். பெயர் 'குச்சிந்தா'. பூனை, காதல் என்ற இரண்டு மலாய்ச் சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயர். சிங்கப்பூர் ஆற்றோரம் கேவனா பாலத்துக்குப் பக்கத்தில் வெண்கலத்தில் பூனைக்குட்டிகள் செய்து வைத்தார்கள். வெண்கலப் பூனைக்கு ஆற்றங்கரையில் இடம் உண்டு, உயிருள்ள பூனைக்கு நாலாவது மாடியில் இடம் இல்லை. படம் எடுக்கும்வரை பூனை அழகு, சிறுநீர் கழித்தால் சட்டவிரோதம்.

2012இல் சோங் பாங் வட்டாரத்தில் மட்டும் ஒரு முன்னோடித் திட்டம் தொடங்கி, நிபந்தனைகளோடு வீட்டில் பூனை வைத்திருக்க விட்டார்கள். நாடு முழுவதற்கும் அனுமதி வந்தது 2024 செப்டம்பர் 1 அன்று. வீவக வீட்டுக்கு இரண்டு பூனைகள். மைக்ரோசிப், உரிமம், உரிமம் எடுக்குமுன் இணையத்தில் ஓர் இலவசப் பாடம். பழக்கப்பட 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசம். ஏற்கெனவே இரண்டுக்கு மேல் வைத்திருந்தவர்கள் அந்த அவகாசத்துக்குள் எல்லாப் பூனைகளுக்கும் உரிமம் எடுத்துக்கொள்ளலாம்.

தடைக்கும் அனுமதிக்கும் நடுவே முப்பத்தைந்து ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் மக்கள் பூனை வளர்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். திரையை இழுத்துவிட்டு வளர்த்தார்கள். சன்னலில் வலை அடித்தால் எதிர் புளோக்கிலிருந்து தெரியும், யாராவது புகார் கொடுத்துவிடுவார்கள் என்று வலை அடிக்காமல் வளர்த்தார்கள். வாசல் கதவைத் தட்டினால் பூனையைத் தூக்கி அறைக்குள் போடு, மணல்தொட்டியைத் துணி காயப்போடும் இடத்துக்குத் தள்ளு, கிண்ணத்தை ஒளி. இப்படி வளர்ந்தது ஒரு பழக்கம். பயத்தில் பிறந்த பழக்கம். அதற்காக அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது பயப்படக் காரணமில்லை. ஆனால் மணல்தொட்டி இன்னும் ஒளிந்தே இருக்கிறது. அன்று அதிகாரிக்கு ஒளித்தோம், இன்று விருந்தினருக்கும் கேமராவுக்கும் ஒளிக்கிறோம். அன்றைக்கு ஒளிப்பது இலவசம். இன்றைக்கு அதற்கு ரெனோவேஷன் நிறுவனத்துக்குக் காசு கொடுக்கிறோம். சட்டம் எடுத்த தடையை ஸ்டைல் திரும்பப் போட்டுவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

"அழகா இருந்தா உனக்கென்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒளிப்பதால் பூனைக்கு என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் மணல்தொட்டி. பூனையின் மூக்கு நம் மூக்கைவிடப் பல மடங்கு கூர்மை. கதவு போட்ட அலமாரிக்குள் தொட்டியை வைத்தால் வாடை வரவேற்பறைக்கு வராது, உண்மைதான். எங்கே போகும்? உள்ளேயே நிற்கும். அதாவது உங்கள் மூக்கைக் காப்பாற்ற அதன் மூக்கைப் பலி கொடுக்கிறீர்கள். தொட்டியின் நீளம் பூனையின் உடம்பைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தொட்டி கூடுதலாக இருக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வார்கள். இரண்டு பூனைக்கு மூன்று தொட்டி. எந்த அழகான அலமாரிக்குள் மூன்று தொட்டி வைப்பீர்கள்? இரண்டு பூனை இருக்கும் வீட்டில் இன்னொரு சிக்கல். ஒரே வாசல் வைத்த பெட்டிக்குள் ஒன்று போனால், மற்றது வாசலில் உட்கார்ந்து மறிக்கும். உள்ளே மாட்டியது அடுத்த முறை அங்கே போகாது. உங்கள் மெத்தைக்குப் போகும். "பழிவாங்குது பாரு" என்பார்கள். பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. அதற்கு ஒரு கக்கூஸ் வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய விஷயம், நீங்கள் எதைப் பார்க்காமல் விடுகிறீர்கள் என்பது. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது. படிகமோ சளியோ அடைத்துக்கொண்டால் சிறுநீர் வெளியேறாது, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றுவிடலாம். உடனே மருத்துவரிடம் கொண்டுபோகாவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். இதற்கு வீட்டில் தெரியும் முதல் அறிகுறி எங்கே தெரியும்? மணல்தொட்டியில்தான். திரும்பத் திரும்பப் போய் உட்காருவது, முக்குவது, ஒன்றும் வராமல் எழுந்து வருவது, மணலில் ஈரக்கட்டி இல்லாமல் இருப்பது. தொட்டி நீங்கள் நடக்கும் வழியில் இருந்தால் அன்றைக்கே கண்ணில் படும். அலமாரிக்குள் இருந்தால்? எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் தொலைக்காட்சிக்குக் கீழே மிக அழகான அலமாரி. அதற்குள் தொட்டி. பூனை சாப்பிடவில்லை என்றுதான் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார். அது இரண்டு நாளாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது. பூனை பிழைத்தது. மறுவாரம் அலமாரிக் கதவைக் கழற்றிவிட்டார்கள்.

அடுத்தது சன்னல். இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை. பூனை எப்படி விழுந்தாலும் காலில் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். காற்றில் திரும்பிக் காலை ஊன்றும் திறமை அதற்கு இருக்கிறது, உண்மை. அந்தக் கால்கள் பத்தாவது மாடியிலிருந்து வரும் வேகத்தைத் தாங்கும் என்று யார் சொன்னது? 1987இல் வெளியான ஓர் ஆய்வை இணையத்தில் நிறையப் பேர் காட்டுவார்கள். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளில் சுமார் 90 விழுக்காடு பிழைத்தன என்பது அதன் முடிவு. கணக்கைக் கவனியுங்கள். மருத்துவமனைக்கு வந்த பூனைகள். விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதில்லை. அது கணக்கில் வராது. பிழைத்தவற்றுக்கும் நெஞ்சுக்கூட்டில் அடி, உடைந்த தாடை, உடைந்த கால்.

சரி, அப்படியென்றால் 'இன்விசிபிள் கிரில்' போடலாமே என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கம்பி, காட்சியும் கெடாது. அது பெரும்பாலும் குழந்தைகளை நினைத்துச் செய்த பொருள். கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி இருக்கும், அழுத்தினால் கம்பி கொஞ்சம் நெகிழும். பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு இணையாமல் சதைக்குள் மிதக்கிறது. அதனால் தலை நுழையும் இடத்தில் உடம்பும் பெரும்பாலும் நுழைந்துவிடும். குட்டியென்றால் சொல்லவே வேண்டாம். தேவைப்படுவது, பிளாஸ்டிக் பூசிய கம்பி வலை. பேட்டையில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். ஏற்கெனவே இருக்கும் கிரில்லில் கேபிள் டையால் இறுக்கிக் கட்டினால் ஒரு மாலை நேர வேலை. பார்க்க அழகாக இருக்காது. கட்டங்கட்டமாகத் தெரியும். வரவேற்பறையிலிருந்து பார்த்தால் எதிர் புளோக்கும் கட்டங்கட்டமாகத் தெரியும். தெரியட்டுமே! எதிர் புளோக் என்ன தாஜ்மகாலா?

மூன்றாவது, சோபா. பூனை பிறாண்டுவது உங்கள் சோபாவின் மேலுள்ள வெறுப்பால் இல்லை. பழைய நக உறையைக் கழற்றவும், முதுகை நீட்டி முறிக்கவும், பாதத்திலிருக்கும் சுரப்பியால் தன் மணத்தைப் பூசவும் அது பிறாண்டுகிறது. மூன்றாவது காரணத்தைக் கவனியுங்கள். எல்லோரும் புழங்கும் இடத்தில்தான் அது தன் மணத்தை விட விரும்பும். அதனால்தான் சோபா. நீங்கள் குட்டையான, ஆடும் கட்டையொன்றை வாங்கிப் பின்னறையில் வைத்தால் அது ஏன் அங்கே போகப்போகிறது? முழு உடம்பும் நீளும் உயரத்தில், அதாவது முக்கால் மீட்டருக்கு மேல், சைசல் கயிறு சுற்றிய கனமான கட்டையை சோபாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஆமாம், வரவேற்பறை நடுவில். ஆமாம், நார்நாராகத் தொங்கும். தொங்கினால்தான் அது பயன்படுகிறது என்று அர்த்தம். காணொளிகளில் வரும் கயிற்றுத் தூண்கள் ஒரு கீறலும் இல்லாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அவை பூனைக்கு வாங்கியவை இல்லை.

நான்காவது, செடியும் வாசனையும். ஸ்டைல் என்று விற்கப்படும் செடிகளைப் பாருங்கள். மான்ஸ்டெரா, மணி பிளான்ட், இரண்டின் சாற்றிலும் ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள். கடித்தால் வாய் எரியும், வீங்கும், எச்சில் வடியும். லில்லி அதைவிட மோசம். இதழ், இலை, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர், எது உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் கெட்டுவிடும். வீட்டுக்கு நல்ல மணம் தரும் என்று வைக்கும் எண்ணெய்ப் புகைப்பான்களும் அப்படித்தான். சிலவகைச் சேர்மங்களைக் கரைத்து வெளியேற்ற நம் ஈரல் பயன்படுத்தும் நொதி பூனைக்குப் போதுமான அளவில் கிடையாது. யூகலிப்டஸ், தேயிலை மர எண்ணெய் எல்லாம் அதற்கு நஞ்சு. இந்த இடத்தில் நம் வீட்டையும் சேர்த்தே சொல்கிறேன். சாமி அறைக் கற்பூரமும் துணி அலமாரியில் போடும் அந்துருண்டையும் பூனைக்கு ஆகாது. கற்பூரத்தை டப்பாவில் போட்டு மூடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

இதையெல்லாம் சொன்னால் இரண்டு தரப்பிலிருந்தும் அடி விழும்.

முதல் தரப்பு வீட்டுப் பெரியவர்கள். "வீட்டுக்குள்ள பூனையா? நாத்தம் புடிச்ச வீடுன்னு நாலு பேரு பேசுவாங்க." நம் மொழியே இந்த விஷயத்தில் அவர்கள் பக்கம்தான். பழமொழியில் வரும் பூனை பெரும்பாலும் திருட்டுப் பூனை, அல்லது கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டதாக நினைக்கும் முட்டாள் பூனை. குறுக்கே போனால் காரியம் கெடும். ஆனால் நம் மொழியில் வேறு பூனைகளும் இருக்கின்றன. குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தி முல்லை மொட்டைக் காட்டுப்பூனையின் சிரிப்போடு ஒப்பிடுகிறார். பாற்கடலை நக்கியே குடித்துவிடலாம் என்று போன பூனையாகத் தன்னையே சொல்லிக்கொண்டவன் கம்பன். அவனுக்கு அந்த ஒப்புமை கேவலமாகப் படவில்லை. பெரியவர்களிடம் இதைச் சொன்னால் எடுபடாது, எனக்கும் தெரியும். அவர்களிடம் கேட்க எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. அரிசி மாவில் கோலம் போடுவது எறும்புக்குச் சோறு போடத்தான் என்று எத்தனை மேடையில் பெருமை பேசியிருக்கிறோம்? வாசலில் எறும்புக்கு இடம் உண்டென்றால் வரவேற்பறை மூலையில் ஒரு மணல்தொட்டிக்கு இடம் இல்லையா?

இரண்டாவது தரப்பு நம் வயதுக்காரர்கள். வாசிக்கும் புத்தகத்தின் மேல் பூனையைப் படுக்க வைத்துப் படம் போடுபவர்கள். "ஸ்டைலா இருக்குறது தப்பா? ஏன் வீட்டை அசிங்கமா வச்சுக்கணும்?" என்று கேட்பார்கள். வீட்டை அசிங்கமாக வைக்கச் சொல்லவில்லை. தொட்டியைத் தினமும் இரண்டு முறை அள்ளுங்கள், தரையைத் துடையுங்கள், முடி தெரியாத துணியில் சோபா உறை தையுங்கள், சன்னலோரம் அகலமான பலகை போட்டு அதில் உங்களுக்குப் பிடித்த நிறத்தில் மெத்தை போடுங்கள். எனக்கும் நிறம் பிடிக்கும். என் சண்டை, எந்த வரிசையில் முடிவெடுக்கிறோம் என்பதில். முதலில் படம் வரைந்துவிட்டு அதற்குள் பூனையை அடைக்கிறீர்கள். பழைய வீட்டில் திண்ணை வந்தது அழகுக்காக இல்லை. வழிப்போக்கன் உட்கார இடம் வேண்டும், கிழவர் படுக்க இடம் வேண்டும் என்று கட்டினார்கள். இன்றைக்கு அதன் படத்தைப் பார்த்து நாம் உருகுகிறோம். யாரோ ஒருவர் தங்குவதற்கு இடம் கொடுத்த வடிவம் காலப்போக்கில் அழகாகிறது. யாரையும் காட்டாமல் துடைத்து வைத்த வடிவம் அடுத்த ரெனோவேஷன்வரைதான் அழகு.

இன்னொன்றும் உண்டு, காசு. திருமணமாகாதவர் வீவக வீடு வாங்க முப்பத்தைந்து வயதாக வேண்டும். இதை வாசிப்பவர்களில் பலர் பெற்றோர் வீட்டிலோ வாடகை அறையிலோ இருப்பவர்கள். சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டும். ரெனோவேஷன் நிறுவனங்கள் காட்டும் 'பூனை வீடு' அவர்களுக்கு எட்டாது. எட்டாததைத் திரும்பத் திரும்பப் பார்த்து, "வசதி வந்த பிறகு பூனை வளர்க்கலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். அல்லது பூனையை எடுத்துக்கொண்டு, வீடு அந்தப் படம்போல் இல்லையே என்று கூசுகிறார்கள். உண்மையில் பூனைக்கு வேண்டியது மலிவானது. பெரிய பிளாஸ்டிக் தொட்டி, வலை, கயிறு சுற்றிய கட்டை, ஏறி உட்கார உயரமான ஓர் இடம். பழைய புத்தக அலமாரியின் மேல்தட்டு போதும். புத்தகம் நிறைய வைத்திருப்பவர்களுக்கு உயரமான அலமாரி இல்லாமலா இருக்கும்? வீட்டில் பூனை எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்பினால், புளோக் கீழே இரவு பத்து மணிக்குப் பூனைகளுக்குச் சோறு வைக்கும் ஆன்ட்டியிடம் கேளுங்கள். ஓரிரு மூவறை வீடுகளுக்கு அப்படி நான் போயிருக்கிறேன். வலை அடித்த சன்னல், கூடத்தில் தொட்டி, நைந்த கட்டை. எதுவும் எதோடும் பொருந்தாது. பூனை மட்டும் பொருந்தி உட்கார்ந்திருக்கும்.

மலேசிய நண்பர்கள் இதை வாசித்துவிட்டு, தரைவீட்டில் எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கலாம். கூச்சிங் நகரமே பூனைச் சிலைகளும் பூனை அருங்காட்சியகமுமாகத்தானே இருக்கிறது! ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் கொண்டோமினியங்களுக்குக் குடிபோகும் உங்கள் தலைமுறைக்கு 2015ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகள் இருக்கின்றன. மற்றவர்களுக்குத் தொல்லை தரும் விலங்கை வைத்திருக்கக்கூடாது என்கிறது அதிலுள்ள விதி. 'தொல்லை' எது என்று புகார் கொடுப்பவர் முடிவுசெய்யத் தொடங்கினால், நீங்களும் திரையை இழுத்துவிடத் தொடங்குவீர்கள். ஒளிக்கும் பழக்கம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். பூனை எடுக்கப்போகிறீர்கள் என்றால், சோபாவின் நிறத்தை யோசிப்பதற்கு முன் சன்னலை அளந்துகொண்டு ஹார்ட்வேர் கடைக்குப் போங்கள். கழிவறைச் சன்னல், துணி காயப்போடும் இடம், வாசல் கிரில், ஒன்றையும் விடாதீர்கள். மணல்தொட்டியை ஒரு நாளில் நாலு முறையாவது நீங்கள் கடந்துபோகும் இடத்தில் வையுங்கள். விருந்தினர் முகம் சுளித்தால், இந்த வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார், இது அவருடைய கழிவறை என்று சொல்லுங்கள். அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் பூனை வேண்டாம். ஆற்றங்கரையில் வெண்கலத்தில் இருக்கின்றன, போய்ப் படம் எடுத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு மணல்தொட்டி தேவையில்லை.